உங்களுக்குத் தெரியுமா? ஸ்வாப் இல்லையேல் ஹைபர்னேஷன் இல்லை!

லினக்ஸ் கர்னலைச் சொந்தமாகக் கம்பைல் செய்யும்போது, மெனுகான்ஃபிக் திரையில் ஸ்வாப் வசதியை எடுத்துவிட்டால், ஹைபர்னேஷன் என்ற தேர்வே அங்கிருந்து காணாமல் போகும். ஹைபர்னேஷனின்போது, ராமில் இருப்பதன் பிம்பம் வட்டிலுள்ள ஸ்வாப் பகுதியில்தான் எழுதப்படுகிறது. அது இல்லாமல் எங்கே எழுதுவது? இந்தச் சார்புகளை கேகான்ஃபிக் கோப்புகள் வரையறுக்கின்றன.

இதைவிட வியப்பானது இன்னொன்று. பல கோர்கள் கொண்ட கணினிக்கு சஸ்பெண்டைத் தேர்ந்தெடுத்தால், சிபியு ஹாட்பிளக் வசதியும் கேட்காமலே சேர்ந்துகொள்ளும். ஓடும் கணினியில் சிபியுவைச் சேர்க்கவும் நீக்கவும் உதவும் ஏற்பாடு சாதாரண மடிக்கணினிக்கு எதற்கு? ராமில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஆழ்ந்து உறங்கப்போகும் முன், கர்னல் ஒரே ஒரு கோரை மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக ஆஃப்லைன் ஆக்குகிறது. மூடியைத் திறந்ததும் அதே ஹாட்பிளக் வழியாகத்தான் அவை திரும்ப வேலைக்கு வருகின்றன.