பழைய எஞ்சின் பிளாக் வாங்குகிறீர்களா? முதலில் ஆர்.சி.யை எடுங்கள்

பதினைந்து வருடம் முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். படிவம் 25 சரியாக இருக்கும். இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் இருக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் தூக்கி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து எஞ்சின் எண்ணைப் பார்ப்பார். ஆர்.சி.யில் ஒரு எண், பிளாக்கில் வேறொரு எண். "ஏழெட்டு வருஷம் இருக்கும் சார், மெக்கானிக்தான் மெட்ராஸ்ல வாங்கிட்டு வந்து மாட்டினார்" என்பார் வண்டிக்காரர். பில் இருக்காது. அந்த மெக்கானிக் திருப்பூருக்கோ சவூதிக்கோ போயிருப்பார்.

கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் பக்கம் இது அடிக்கடி நடக்கிறது. தீப்பெட்டி ஆபீஸுக்கு ஆள் ஏற்றும் ஆம்னி, காட்டு வேலைக்கு ஓடும் பழைய மகிந்திரா ஜீப், இளைஞர்கள் ஆசையாகச் செப்பனிடும் ஜிப்ஸியும் எஸ்டீமும் என எல்லாவற்றுக்கும் புதுச் சாமான் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. பழைய சாமான் வாங்குவதில் தவறே இல்லை. சென்னை புதுப்பேட்டை அதற்கென்றே பேர்போன சந்தை. வாங்கும் முறையில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருப்பது பிளாக்கில். ஹெட், கிராங்க், கனெக்டிங் ராடு, கார்புரேட்டர் இவற்றில் அந்த எண் இல்லை. அதே அளவு, அதே மாடல் சாமானாக இவற்றை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போக வேண்டியதில்லை, ஒழுங்கான பில் போதும். பிளாக்கை மாற்றினால் வண்டியின் பதிவு விவரமே மாறுகிறது. எண் பொறித்த பிளாக்கைக் காகிதம் இல்லாமல் வாங்காதீர்கள். இதை மறுபடியும் சொல்வேன், ஏனென்றால் யாரும் காதில் வாங்குவதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதைத்தான் சொல்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டிய மெக்கானிக்கை அல்ல, உரிமையாளரைச் சொல்கிறது அந்த உட்பிரிவு. ஆகவே பெட்ரோல் வண்டியில் டீசல் எஞ்சின், ஆயிரம் சி.சி. வண்டியில் ஆயிரத்து முன்னூறு சி.சி. என்று கனவு காண்பவர்கள் அதைக் கனவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியது அதே மேக், அதே மாடல், அதே எரிபொருள்.

ஒரே சி.சி. என்றால் ஒரே எஞ்சின் என்று நம்புவது அடுத்த தவறு. மாருதி 800-க்கும் ஆம்னிக்கும் 796 சி.சி.தான். ஆனால் 800-இல் எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுக்கிறது. ஆம்னியில் முன்சீட்டுக்குக் கீழே நெடுக்காகப் படுத்து பின்சக்கரத்தைத் தள்ளுகிறது. ஆயில் சம்ப்பும் மவுண்டிங்கும் பொருந்தாது. ஆல்டோவின் 12 வால்வு ஹெட்டை ஆம்னியின் 6 வால்வு பிளாக்கில் வைக்கப் பார்த்துப் பணத்தைத் தொலைப்பவர்களும் உண்டு. ஃபியட் வடிவமைத்த 1248 சி.சி. டீசல் எஞ்சின் ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ எல்லாவற்றிலும் வந்தது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை விட்டுவிட்டதால் இதன் பழைய சாமானுக்கு இப்போது கிராக்கி. ஆனால் 75 குதிரைத்திறன் வகையின் டர்போ வேறு, 90 வகையின் டர்போ வேறு. இஞ்செக்டரை மாற்றினால் அதன் குறியீட்டை ஈ.சி.எம்.மில் ஏற்ற வேண்டும். கம்பெனியும் மாடலும் மாறினால் ஈ.சி.எம்., சாவி இம்மொபிலைசர் வரை சிக்கல் நீளும். ஆகவே கழற்றிய சாமானின் பார்ட் நம்பரையும் வார்ப்பில் உள்ள எண்ணையும் போனில் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "எல்லாம் செட் ஆகும் அண்ணாச்சி" என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை.

நம் மண்ணுக்கு உரிய கோளாறுகள் இரண்டு உண்டு. கரிசல் காட்டு போர் தண்ணீர் உவர்ப்பு. கூலன்ட் வாங்கக் காசு பார்த்து அந்தத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய பிளாக்கில் நீர்ப்பாதை உப்படைத்து, உள்சுவர் அரித்திருக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். கோர் பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டாவது, ஆடிக் காற்றில் பறக்கும் புழுதி. ஏர் ஃபில்டரைக் கவனிக்காத வண்டியில் சிலிண்டர் போர் தேய்ந்து ரிங் போயிருக்கும். லேத்துக்காரரிடம் கொடுத்து போரையும் கிராங்க் ஜர்னலையும் மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். கிராங்க் ஏற்கெனவே 0.25, 0.50 என்று கிரைண்டிங் ஆகியிருந்தால் அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ஹெட்டின் மீது நேர்பட்டை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். வெடிப்புச் சோதனை செய்யாமல் அலுமினிய ஹெட்டை வாங்கவே வாங்காதீர்கள்.

இனி காகிதம். பிளாக் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகல் வேண்டும். அந்த வண்டி உடைக்கப்பட்டதற்கு அத்தாட்சியும் வேண்டும். பிரிவு 55-இன்படி ஓட முடியாமல் அழிந்த வண்டியை உரிமையாளர் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். அந்த ரத்து உத்தரவின் நகல் இருந்தால் நல்லது. 2021 விதிகளின்படி பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில் உடைத்திருந்தால் அவர்கள் தரும் சான்று இருக்கும். விபத்து வண்டியை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஏலத்தில் எடுத்திருந்தால் அவர்களுடைய கடிதம் இருக்கும். இவற்றில் ஒன்றுமே இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் காவல் சேவை இணையதளத்தில் எஞ்சின் எண்ணைப் போட்டு, திருட்டு வழக்கில் அது இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தாளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கி வைத்திருந்தால், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-இன்படி மூன்றாண்டு வரை சிறை. பாதி விலைக்கு, பில் இல்லாமல், ராத்திரியில் வந்த பிளாக் என்றால் "எனக்குத் தெரியாது" என்று யாரிடம் சொல்வீர்கள்? எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண் குத்தித் தருகிறேன் என்பவனிடம் பேச்சே வேண்டாம்.

பில்லில் கடையின் பெயர், ஜி.எஸ்.டி. எண், பிளாக்கின் முழு எண், 'பழையது' என்ற சொல் எல்லாம் இருக்கட்டும். லேத்தில் வெடிப்போ அளவுக்குறையோ தெரிந்தால் பதினைந்து நாளில் திரும்பப் பெறுவோம் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

மாட்டுவதற்கு முன் அனுமதி. மாட்டிய பிறகு அல்ல. பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அச்செடுத்த விண்ணப்பத்தோடு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, பிளாக்கின் பில், பிளாக் வந்த வண்டியின் காகிதங்கள் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். டி.என்.96 வண்டிக்கு கோவில்பட்டி அலுவலகம். வேறு ஊர்ப் பதிவாக இருந்து நீங்கள் இங்கே குடிவந்திருந்தால் படிவம் 33 கொடுத்து முகவரியை முதலில் மாற்றுங்கள். கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வச் சம்மதம் கட்டாயம். அனுமதி கிடைத்து எஞ்சினை மாற்றியதும் 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். வாசலில் நிற்கும் புரோக்கரிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பிளாக் எண்ணில் ஒரு எழுத்து தவறினால் அலைவது நீங்கள்தான்.

"அதெல்லாம் ஆகாது" என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்பும் வழக்கம் நம் அலுவலகங்களில் இன்னும் போகவில்லை. மக்களும் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி, திருட்டுத்தனமாக மாட்டிவிடுகிறார்கள். இது இரு தரப்பின் குற்றம். விண்ணப்பத்துக்கு ஒப்புகை கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். பிரிவு 57-இன்படி மறுப்பு உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எழுத்தில் உத்தரவு இல்லாவிட்டால் எதன்மேல் முறையிடுவீர்கள்? பதிலே வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு, அல்லது முதல்வர் உதவி எண் 1100, அல்லது தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு.

கடைக்காரர் ஏமாற்றினால் வழி இருக்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அட்டை சட்டத்துக்கு மேலானது அல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராததும், பழையதைப் புதியது என்று விற்பதும், பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் நியாயமற்ற வணிகம். முதலில் 1915-க்குப் பேசுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். சென்னையில் வாங்கினாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டமான தூத்துக்குடி ஆணையத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. வயிற்றுப்பிழைப்புக்குச் சொந்தமாக வண்டி ஓட்டுகிறவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோரே. ஆனால் பில் வேண்டும்.

புது எண் ஏறிய ஆர்.சி. நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி பாலிசியிலும் திருத்தி வாங்குங்கள். எண் பொருந்தாத வண்டி விபத்தில் நொறுங்கினால் சொந்தச் சேதத்துக்குப் பணம் கேட்கும்போது அவர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான். கம்பெனி மறுத்தாலோ ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் பதிவுப் புதுப்பிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். விற்றவரைத் தேடிப் பிடித்துக் காகிதங்களைச் சேர்த்து, அபராதம் வந்தால் கட்டி, இப்போதே விண்ணப்பியுங்கள். காகிதம் கிடைக்கவே வழியில்லை என்றால், உங்கள் சொந்த பிளாக் பட்டறையில் கிடக்கிறதா என்று பாருங்கள். போரிங் செய்து ஸ்லீவ் போட்டு அதையே திரும்ப மாட்டுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஆர்.சி.யில் புது எண் ஏறும்வரை பழைய பிளாக்கை எடைக்குப் போடாதீர்கள். ஏறிய பிறகு போட்டாலும், அதன் எண்ணைக் குறித்து காயலான் கடைக்காரரிடம் கையெழுத்தோடு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.