பென்ஸ் நட்சத்திரம், மரக் கேபின், மேலே பத்துப் பேர்: கடலூர் - சிதம்பரம் ரோட்டின் லாரிக் காலம்

போன மாதம் ஊருக்குப் போனபோது தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு போட்டோ கிடைத்தது. பழைய லாரி ஒன்று. முன்னால் கைலியும் பனியனுமாக மூன்று பேர். நடுவில் நிற்கிற ஒல்லிப் பையன்தான் தாத்தா. லாரியின் முகத்தில் மூன்று முனை நட்சத்திரம்.

"தாத்தா, இது பென்ஸா?"

"பின்ன? பென்ஸ் வண்டிதான்மா. கிளீனரா ஏறினப்போ எனக்குப் பதினஞ்சு வயசு."

உடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். 'செம கெத்து', 'அந்தக் காலமே தனி' என்று வரிசையாகப் பதில்கள். தாத்தாவிடம் காட்டினேன். சிரித்தார். அப்புறம் போட்டோவின் ஓரத்தில் விரலை வைத்தார். "கெத்துதான். ஆனா இங்க நிக்கிறானே இவன், ரோட்டுலயே போயிட்டான்."

அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த நட்சத்திரம்.

லாரிக்கு எப்படி வந்தது பென்ஸ்?

இன்றைக்கு டாடா மோட்டார்ஸ் என்று நாம் சொல்கிற நிறுவனத்துக்கு அப்போது பெயர் டெல்கோ. 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் ஒப்பந்தம் போட்டு, ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்க ஆரம்பித்தது. 1969-ல் ஒப்பந்தம் முடியும் வரை 'டாடா மெர்சிடிஸ் பென்ஸ்' என்ற பெயரில்தான் வண்டிகள் வந்தன. அதன்பிறகு நட்சத்திரம் போய் ஆங்கில 'டி' எழுத்து வந்தது. ஆனால் நம்ம ஊர் வாய் மாறவில்லை. எண்பதுகளில் வந்த டாடாவும் பலருக்கு 'பென்ஸ் லாரி'தான்.

எதிர் டீம், லேலண்ட். 1948-ல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொடுத்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆன எண்ணூர் கம்பெனி. இந்த இரண்டில் எது உசத்தி என்று டீக்கடையில் நடந்த சண்டைகளைத் தாத்தா சொல்லும்போது, ஐபிஎல் சண்டைதான் ஞாபகம் வந்தது. தாத்தா பென்ஸ் கட்சி. லேலண்ட் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் முகம் சுளிக்கிறார்.

லாரியின் பெயரிலேயே ஒரு கணக்கு உண்டு, தெரியுமா? டாடா 1210 என்றால் சரக்கோடு சேர்த்து மொத்த எடை 12 டன், எஞ்சின் சக்தி சுமார் 100 குதிரைத்திறன். 1613 என்றால் 16 டன், 130 குதிரைத்திறன். அதாவது, இவ்வளவுதான் தாங்குவேன் என்று வண்டி தன் நெற்றியிலேயே எழுதி ஒட்டிக்கொண்டுதான் வந்தது. அதை யாரும் மதிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கம்பெனி கொடுத்தது எலும்புக்கூடு மட்டும்

இன்று ஷோரூமில் முழு லாரியாக வாங்கலாம். அன்று கம்பெனி கொடுத்தது சேஸிஸ் மட்டும். எஞ்சின், சக்கரம், ஸ்டீயரிங், முன்பக்க முகம் - அவ்வளவுதான். கதவு கிடையாது, கூரை கிடையாது. சரியான சீட்கூடக் கிடையாது. ஒரு மரப்பெட்டியோ பலகையோ வைத்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி வந்து பட்டறையில் விடுவார்கள். நைன்டீஸ் கிட்ஸ் இதை ஹைவேயில் பார்த்திருப்பார்கள்: காற்றில் உட்கார்ந்து ஓட்டுவதுபோல ஒருவர், பின்னால் வெறும் இரும்புச் சட்டம்.

பாடி கட்டுவது நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் பக்கம். ஆசாரிகளின் கைவேலைக்குப் பெயர் போன ஊர்கள். கேபின் முழுக்க மரச்சட்டமும் தகரமும்தான். பூவேலை, கண்ணாடி, சாமி படம், நெற்றியில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளின் பெயர். பின்பக்கம் 'நாம் இருவர் நமக்கு இருவர்'. பார்க்க அழகு. ஆனால் நேருக்கு நேர் மோதினால் டிரைவருக்கும் எதிரே வருகிற வண்டிக்கும் நடுவில் இருப்பது ஒரு தகரமும் நாலு ரீப்பர் கட்டையும்தான். சீட் பெல்ட் என்ற வார்த்தையையே தாத்தா முதலில் கேள்விப்பட்டது விமானத்தில் போய் வந்த ஒருவரிடம்தானாம்.

எஞ்சின் பாதி கேபினுக்குள் இருக்கும். அந்த மூடியின் மேல் சாக்கை மடித்துப் போட்டால், அதுதான் கிளீனர் சீட். "வெயில் காலத்துல தோசைக்கல்லு மேல உக்காந்த மாதிரி இருக்கும்மா." பவர் ஸ்டீயரிங் பரவலாக வராத காலம். லோடு வண்டியைத் திருப்ப டிரைவர் எழுந்து நின்று வளைப்பார். இப்போதும் தாத்தாவின் தோள் என் அப்பாவின் தோளைவிட அகலம்.

கிளீனர்தான் சென்சார்

இன்றைய காரில் ரிவர்ஸ் கேமரா, பார்க்கிங் சென்சார், பிளைண்ட் ஸ்பாட் வார்னிங் எல்லாம் இருக்கிறது. அன்று இந்த மூன்றும் சேர்ந்த ஒரே கருவி, கிளீனர் பையன். இடப்பக்கம் தலையை நீட்டிப் பார்ப்பது, கையை வெளியே போட்டு சிக்னல் காட்டுவது, பாடியைத் தட்டி 'வரட்டும் வரட்டும்' சொல்வது. மேட்டில் வண்டி நின்றால் குதித்து இறங்கி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும் அவன்தான். ஹேண்ட் பிரேக்கை நம்பினால் வண்டி நம்மைவிட்டுப் போய்விடும். கட்டையோடு சக்கரத்துக்கடியில் கை போனவர்களும் உண்டு.

முக்கியமான வேலை இன்னொன்று: டிரைவரைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே இருப்பது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று தெளிவாகச் சொன்னது. ஆனால் அது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான். ஒரே ஒரு லாரி வைத்திருந்த முதலாளியிடம் இருந்தது ஒரு டிரைவர், ஒரு கிளீனர். கணக்கு முடிந்தது. சம்பளம் கொஞ்சம், ட்ரிப்புக்கு பேட்டா கொஞ்சம். ட்ரிப் கூடினால்தான் வீட்டில் உலை. அப்புறம் யார் தூங்குவது?

ரோடே களத்துமேடு

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். ஓ.டி., ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம். 45ஏ என்ற பழைய நம்பர் போய், இப்போது இது தேசிய நெடுஞ்சாலை 32. தாத்தா காலத்தில் இரண்டு லாரி எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். அதிலும் அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். உளுந்து சீசனில் செடியை அப்படியே ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்தாலேயே அடித்துக்கொள்வார்கள். காசில்லாத கதிரடிக்கும் மெஷின்! உளுந்துச் செடி மேல் பிரேக் பிடித்தால் வண்டி எங்கே போய் நிற்கும் என்பது சாமிக்குத்தான் தெரியும்.

லோடு என்று பார்த்தால், கடற்கரைப் பக்கம் சவுக்குக் கட்டை. பண்ருட்டியிலிருந்து பலாப்பழம். நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு ஆலைகளுக்குக் கரும்பு. டெல்டாவிலிருந்து நெல்லும் வைக்கோலும். வைக்கோல் ஏற்றினால் லாரி தெரியாது. ஒரு வீடு நகர்ந்து வருகிற மாதிரி இருக்கும். சவுக்கு பின்னால் நீட்டிக்கொண்டு வரும், நுனியில் ஒரு சிவப்புத் துணி. ராத்திரியில் அந்தத் துணி யாருக்குத் தெரியும்?

ஓவர்லோடு ஏன் ஆபத்து என்பதை எளிமையாகச் சொன்னால் இப்படி. எடை இரட்டிப்பானால், அதே வேகத்தில் நிறுத்த பிரேக் இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும். அந்த வேலை முழுக்க சூடாக மாறும். சூடு அளவுக்கு மீறினால் பிரேக் பிடிப்பது குறைந்துகொண்டே போகும். மிதித்தால் பெடல் போகும், வண்டி நிற்காது. ரோட்டுக்கு விழும் அடி இன்னும் மோசம். ஐம்பதுகளின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் லாரிகளை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்த சோதனையில் தெரிய வந்தது இது: அச்சின் மேல் சுமை இரண்டு மடங்கானால் சாலைச் சேதம் சுமார் 16 மடங்கு.

இங்கே என்ன நடந்தது? சில மாநில அரசுகள் காசு வாங்கிக்கொண்டு ஓவர்லோடுக்கு 'கோல்டு கார்டு' கொடுத்தன. முன்கூட்டியே அபராதம் கட்டிவிட்டுத் தைரியமாகத் தப்பு செய்யலாம்! 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம்தான் இது செல்லாது என்று நிறுத்தியது. 2019 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு ஓவர்லோடு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதற்கு ஒரு வருடம் முன்பு, 2018-ல், அச்சுச் சுமை அனுமதியையே 20-25 சதவீதம் வரை மத்திய அரசு உயர்த்தியிருந்தது.

"மேல ஏறிக்கோ"

போட்டோவின் ஓரத்தில் நிற்கிறவரிடம் வருவோம். அவரும் கிளீனர், இன்னொரு வண்டியில். தாத்தாவைவிட ஒரு வயது சின்னவர்.

பஸ் கம்மியான காலம். கையைக் காட்டினால் லாரி நிற்கும். எட்டணாவோ ஒரு ரூபாயோ வாங்கிக்கொண்டு மேலே ஏற்றிக்கொள்வார்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு, நடவு, எல்லாவற்றுக்கும் லாரிதான். அன்றைக்கு சிதம்பரம் பக்கமிருந்து நெல் மூட்டை லோடு. மூட்டைகளுக்கு மேல் பத்துப் பேர். கேபினில் இடமில்லாததால் அவரும் மேலே. விடியற்காலை. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதில் கயிறு தளர்ந்தது. மூட்டைகளோடு சரிந்தார். டிரைவருக்கு அது தெரிந்தது அரை மைல் போன பிறகு, மேலே இருந்தவர்கள் கத்தியபோதுதான்.

"கேஸு?" என்றேன்.

"ஏதுமா கேஸு. முதலாளி வந்து அவங்கம்மா கையில பணம் குடுத்தாரு. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. மறுநாள் அதே வண்டி லோடுக்குப் போச்சு. கழுவினது நான்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இன்சூரன்ஸ் வருமா?

இதை நாம் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஏனென்றால் லாரி போய் குட்டி யானை வந்ததே தவிர, மேலே ஏறுவது நிற்கவில்லை.

சரக்கு வண்டியின் இன்சூரன்ஸ், அதில் சும்மா ஏறி வருகிறவர்களுக்குப் பொருந்தாது. 1994-ல் வந்த திருத்தம் சரக்கின் உரிமையாளரையும் அவர் அனுப்பிய ஆளையும் மட்டும்தான் உள்ளே சேர்த்தது. ஆஷா ராணி வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அப்படியானால் நஷ்ட ஈடு யார் தருவது? வண்டி உரிமையாளர். கடன் வாங்கி ஒரு வண்டி வைத்திருப்பவரிடம் லட்சக்கணக்கில் வசூலிப்பது எவ்வளவு நடக்கும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். சில வழக்குகளில், நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டதுண்டு. ஆனால் அதை முன்கூட்டியே நம்பி ஏற முடியாது. அடுத்த முறை வீட்டு விசேஷத்துக்கு 'நம்ம பசங்க லோடு வண்டியிலயே வந்துடட்டும்' என்று யாராவது சொன்னால், இதை ஃபார்வர்ட் செய்யுங்கள்.

இப்போ மாறிடுச்சா?

வண்டி மாறியிருக்கிறது. 2015-ல் கனரக லாரிகளுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயமானது, 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் வந்தது. 2025 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். தூக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. சேவ்லைஃப் என்ற அமைப்பு பத்து நகரங்களில் லாரி டிரைவர்களிடம் கேட்டு 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேர் களைப்பாகவோ தூக்கக் கலக்கமாகவோ இருக்கும்போதும் ஓட்டுவதாகச் சொன்னார்கள். 2022-ல் தமிழ்நாட்டில் நடந்த சாலை விபத்துகள் 64,105. அந்த எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர்.

ஏசி கேபின் விஷயத்தைச் சொன்னதும் தாத்தா, "ஏசி போட்டா இன்னும் நல்லா தூக்கம் வருமே" என்றார். ஜோக்கா, சீரியஸா என்று தெரியவில்லை. போட்டோவை ஸ்கேன் செய்து ஃபிரேம் போட்டுத் தரவா என்று கேட்டேன். வேண்டாம், பெட்டியிலேயே இருக்கட்டும் என்றுவிட்டார்.

திங்கள்கிழமை காலை கடலூருக்கு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டி, முன்னால் ஒரு குட்டி யானை. பின்னால் நின்றபடி நடவுக்குப் போகிற பெண்கள், கையில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு. ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது வரை எண்ணினேன். அதற்குள் எங்கள் பஸ் ஹாரன் அடித்து முந்திவிட்டது.