புகழ் வரும் முன்பே எழுதிய பாட்டு: ஸ்டீவி நிக்ஸின் ‘ஆஃப்டர் தி கிளிட்டர் ஃபேட்ஸ்’

மேடை வெளிச்சம் மங்கிய பிறகு ஒரு ராக் பாடகிக்கு என்ன மிஞ்சும்? அமெரிக்கப் பாடகி ஸ்டீவி நிக்ஸின் ‘ஆஃப்டர் தி கிளிட்டர் ஃபேட்ஸ்’ பாட்டு பேசுவது இதைத்தான். 1982-ல் சிங்கிளாக வெளியானபோது அவர் புகழின் உச்சத்தில் இருந்தார். பட்டு அனுபவித்து எழுதியிருக்கிறார் என்றுதானே தோன்றும்? அதுதான் இல்லை. எழுதியபோது அவர் யாரென்றே பலருக்குத் தெரியாது!

பரிமாறிய கை

1970களின் தொடக்கம். காதலர் லிண்ட்சே பக்கிங்ஹாமுடன் லாஸ் ஏஞ்சல்ஸில் வாய்ப்பு தேடிய ஸ்டீவி, பிழைப்புக்காக உணவகத்தில் பரிமாறினார், வீடுகளைச் சுத்தம் செய்தார். 1973-ல் இருவரும் வெளியிட்ட ஆல்பம் விற்கவில்லை. பாட்டு பிறந்தது அந்தப் போராட்ட நாள்களில்தான்.

ஏன் இவ்வளவு தாமதம்?

1975-ல் இருவரும் ஃப்ளீட்வுட் மேக் குழுவுக்குள் வந்தார்கள். 1977-ல் வெளியான ‘ரூமர்ஸ்’ ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 31 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ஆனால், குழுவில் பாட்டு எழுத மூன்று பேர். ஆல்பத்தில் ஒருவருக்குச் சில இடங்கள்தான். ஸ்டீவியிடம் பாடல்கள் தேங்கின. 1981-ல் வந்த முதல் தனி ஆல்பமான ‘பெல்லா டோனா’வில்தான் இந்தப் பாட்டுக்கு இடம் கிடைத்தது.

அதென்ன கன்ட்ரி ராக்?

அமெரிக்கக் கிராமிய இசையின் கதை சொல்லும் பாணியும், ராக் தாளமும் கலந்தது கன்ட்ரி ராக். அழுவது போல இழையும் பெடல் ஸ்டீல் கிட்டார் இதன் அடையாளம். ஸ்டீவிக்கு இது புதுசு இல்லை. அவருடைய தாத்தா கன்ட்ரி பாடகர். பேத்திக்குச் சின்ன வயதிலேயே பாடக் கற்றுக்கொடுத்தவர்.

ஹிட்டா, ஃபிளாப்பா?

ஆல்பத்தின் முந்தைய மூன்று சிங்கிள்கள் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 3, 6, 11-வது இடங்களைப் பிடித்தன. இது 32-வது இடத்தோடு நின்றது. கன்ட்ரி பட்டியலில் 70.

ஆனாலும் பாட்டு புலம்பவில்லை. தனிமை வரும், பளபளப்பு போகும், கனவு மட்டும் விடாது என்கிறது. ஸ்டீவி விஷயத்தில் அது பலித்தது. ஃப்ளீட்வுட் மேக் குழுவோடு 1998-லும், தனிக் கலைஞராக 2019-லும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார். இரண்டு முறை அந்தக் கௌரவம் பெற்ற முதல் பெண் அவர்தான்.