2,500 டொலர் காரின் உண்மையான விலை

ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்து சேர்ந்த ஒருவருக்கு ஊரார் சொல்லும் முதல் புத்திமதிகளில் ஒன்று, "முதல்ல ஒரு பழைய காரைப் பாரும் தம்பி" என்பது. வேலை நகரத்தின் மறுகோடியில் ஒரு பொருட்கிடங்கில் இருக்கும். பனிக்கால அதிகாலையில் இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர வேண்டும். புதுக் கார் எடுக்கக் காசும் இல்லை, கனடாவில் கடன் வரலாறும் இல்லை. இந்த நெருக்கடியில்தான் கைத்தொலைபேசியில் இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது: 2009 கொரோலா, 2,500 டொலர், 'ஆஸ் இஸ்', சின்ன வேலை மட்டும் இருக்கு.

அந்தச் சின்ன வேலை பிரேக்காக இருந்தால் கார் லாபம். அடிச்சட்டத்தில் துருவாக இருந்தால் 2,500 டொலரும் போய், இழுவை வண்டிக்கும் காசு கட்ட வேண்டும். இரண்டில் எது என்பதை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். இந்த ஒரு வித்தியாசம் பாவித்த கார்ச் சந்தையை எப்படிக் கெடுக்கிறது என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். நல்ல காரை வைத்திருப்பவர் மலிவு விலைக்கு விற்கச் சம்மதிக்க மாட்டார்; ஆகவே மலிவுச் சந்தையில் குறையுள்ள கார்களே பெருகும் என்பது அவருடைய வாதம். 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர்.

பழுதுள்ள காரே வாங்கக் கூடாது என்பதில்லை. என்ன பழுது, திருத்த எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வாங்குவது ஒரு நியாயமான தீர்மானம். தெரியாத பழுதை, தெரியாத ஆளிடம், எழுத்தில் எதுவும் இல்லாமல் வாங்குவதுதான் ஆபத்து.

முதற்கேள்வி: விற்பவர் யார்?

ஒன்ராறியோவில் கார் வியாபாரம் செய்யும் நிறுவனமும் அதன் விற்பனையாளர்களும் 'ஓம்விக்' எனப்படும் ஒன்ராறியோ மோட்டார் வாகனத் தொழில் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன டீலர்கள் சட்டம் இவர்களைக் கட்டுப்படுத்துகிறது. விளம்பரத்தில் போடும் விலைக்குள் எல்லாக் கட்டணங்களும் அடங்கியிருக்க வேண்டும்; எச்.எஸ்.ரி. வரியும் வாகனப் பதிவுச் செலவும் மட்டுமே வெளியே இருக்கலாம். விபத்துத் திருத்த வேலைக்கு 3,000 டொலருக்கு மேல் செலவாகியிருந்தால், அடிச்சட்டம் சேதமடைந்திருந்தால், வெள்ளத்திலோ தீயிலோ பழுதாகியிருந்தால், டக்சியாகவோ பொலிஸ் வாகனமாகவோ ஓடியிருந்தால், அதையெல்லாம் டீலர் ஒப்பந்தத்தில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

'ஆஸ் இஸ்', அதாவது இருக்கிறபடியே விற்கும் ஒப்பந்தத்துக்கும் இந்தக் கடமை உண்டு. வாகனம் வீதியில் ஓடத் தகுதியற்றதாக இருக்கலாம், பெரிய திருத்த வேலை தேவைப்படலாம், அந்தச் செலவு வாங்குபவருடையது என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். அதன் அருகே ஓர் இடத்தைக் காட்டி "இதில ஒரு சைன்" என்று கேட்பார்கள். ஆங்கிலத்தில் தடுமாற்றம் உள்ளவர்கள், வாசித்துச் சொல்லக்கூடிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது அவசியம்.

தனியாரிடம் வாங்கும்போது இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி இல்லை. ஆனால் ஒரு கட்டாய ஆவணம் உண்டு. சேவிஸ் ஒன்ராறியோவில் 20 டொலருக்குக் கிடைக்கும் 'பாவித்த வாகனத் தகவல் தொகுப்பு' என்பதை விற்பவர் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கார் ஒன்ராறியோவில் யார் யாரிடம் இருந்தது, பதிவான கிலோமீற்றர் எவ்வளவு, கடன் பாக்கி ஏதும் பதிவாகியிருக்கிறதா என்பவை அதில் இருக்கும். காரின் மேல் கடன் இருந்தால், அந்தக் கடன் காரோடு சேர்ந்தே வரும். முழுக் காசையும் கொடுத்து வாங்கியவரிடமிருந்துகூடக் கடன் கொடுத்த நிறுவனம் காரை எடுத்துக்கொள்ளலாம். வேறு மாகாணத்தில் பதிவான கடனை இந்தத் தொகுப்பு காட்டாது. கார் கியூபெக்கிலிருந்தோ அல்பேர்ட்டாவிலிருந்தோ வந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும். விபத்து வரலாற்றுக்குக் கார்ஃபக்ஸ் கனடா அறிக்கை தனியாக எடுக்க வேண்டும்.

மூன்றாவது வகை, தனியார்போல நடிக்கும் கள்ள டீலர்கள். இவர்களைக் 'கேர்ப்சைடர்' என்பார்கள். விபத்தில் சிக்கியதையும் கிலோமீற்றர் குறைக்கப்பட்டதையும் வாங்கி, "மனிசியின்ர கார், ஊருக்குப் போறம், அவசரமா விக்கிறம்" என்று விற்பார்கள். இவர்களைப் பிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தொலைபேசியில் "காரைப் பற்றிக் கேட்க எடுத்தனான்" என்று மட்டும் சொல்லுங்கள். "எந்தக் கார்?" என்று பதில் வந்தால், அவரிடம் பல கார்கள் இருக்கின்றன. நேரில் போனால் வாகன உரிமைப் பத்திரத்தில் உள்ள பெயரையும் விற்பவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் வேறு என்றால், வீட்டு முகவரி சொல்லாமல் கோப்பிக் கடை வாகனத் தரிப்பிடத்துக்கு வரச் சொன்னால், தகவல் தொகுப்பு "பிறகு தாறன்" என்றால், திரும்பி வந்துவிடலாம்.

'வின்' எனப்படும் வாகன அடையாள இலக்கத்தையும் விடாமல் பார்க்க வேண்டும். திருட்டுக் கார்களுக்கு வேறு காரின் இலக்கத்தைப் பொருத்தி விற்பது இங்கே பெரும் பிரச்சினையாகிவிட்டது. கார்த் திருட்டைத் தடுக்க 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் தேசிய உச்சிமாநாடே நடந்தது. முன் கண்ணாடிக்கு அடியில் உள்ள இலக்கமும், சாரதிக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருப்பதும், பத்திரத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். திருட்டுக் கார் என்று தெரியாமல் வாங்கியவருக்கும் அது சொந்தமாகாது. பொலிஸ் எடுத்துக்கொண்டு போய்விடும்.

சேஃப்டி என்பது உத்தரவாதம் இல்லை

"சேஃப்டியோட தாறன்" என்ற வாக்குறுதியில் பலர் மயங்குகிறார்கள். வாகனத்தை இலக்கத்தகட்டுடன் வீதியில் ஓட்டுவதற்குப் பதிவு செய்ய 'சேஃப்டி' எனப்படும் பாதுகாப்புத் தரச் சான்றிதழ் தேவை. 36 நாட்களுக்குத்தான் அது செல்லும். பிரேக், ரயர், ஸ்டியரிங், விளக்குகள், உடற்கட்டமைப்பு போன்றவை குறைந்தபட்சத் தரத்தில் இருக்கின்றனவா என்று சோதித்த அந்த நாளின் நிலையைத்தான் அது சொல்லும். எஞ்சின் இன்னும் எத்தனை மாதம் ஓடும், கியர் எப்போது நழுவும் என்பதற்கு அது பொறுப்பில்லை. சிறிய வாகனங்களுக்கான புகைப் பரிசோதனையும் 2019 ஏப்ரலோடு நிறுத்தப்பட்டுவிட்டது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியும் காரை அந்தச் சோதனை முன்னர் வடிகட்டியது. இப்போது அந்த வேலையும் வாங்குபவர் தலையில்.

ஆகவே விற்பவரின் ஆள் இல்லாத ஒரு கராஜுக்குக் காரைக் கொண்டுபோய்த் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் சம்மதிக்காவிட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

எந்தப் பழுதை ஏற்கலாம்?

தேய்ந்த பிரேக், பழைய ரயர், பலவீனமான பற்றரி, சத்தம் போடும் சைலன்சர் ஆகியவற்றுக்கு விலை கேட்டறிந்து பேரம் பேசலாம். கார் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் வருமுன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். எஞ்சினைத் தொடக்காமல் சாவியை 'ஒன்' நிலைக்குத் திருப்பியதும் எஞ்சின் விளக்கும் எயர்பாக் விளக்கும் ஒருமுறை எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அந்த விளக்கை யாரோ செயலிழக்கச் செய்திருக்கலாம். பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டுக் காட்டுவதும் வழக்கம். மெக்கானிக் தன் ஸ்கானரை மாட்டினால், காரின் சுயபரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால்கோப்பி நிறத்தில் களி படிந்திருந்தாலும், புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெண்புகை விடாமல் வந்தாலும், குளிர்விப்பு நீர் எஞ்சினுக்குள் கலக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். கியர் மாறும்போது இழுபட்டாலோ, எஞ்சின் உறுமியும் கார் வேகம் எடுக்காவிட்டாலோ, மலிவுக் காருக்கு அந்தத் திருத்தம் கட்டுப்படியாகாது.

ரொறன்ரோக் காருக்குப் பெரிய எதிரி வீதி உப்பு. கதவுக்குக் கீழே உள்ள தகட்டில் துரு தெரிந்தால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதைவிட அதிகம் இருக்கும். பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய்கள் துருவேறி ஒரு நாள் திடீரென உடையும். அப்போது காலடியில் பிரேக் இராது. பழைய காரின் அடிப்பகுதியில் மட்டும் புத்தம்புதிதாகக் கறுப்புப் பூச்சு இருந்தால், அதைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த எதிரி வெள்ளம். 2024 ஜூலை 16ஆம் திகதி ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 97.8 மில்லிமீற்றர் மழை பதிவானது. டொன் வலி நெடுஞ்சாலை மூழ்கிக் கார்கள் நீருக்குள் நின்றன. முழுக் காப்புறுதி இல்லாத காரின் உரிமையாளர் வெள்ளச் சேதத்தை யாருக்கும் அறிவிக்காமல் உலர்த்தி விற்றுவிடலாம். தரைவிரிப்பைத் தூக்கினால் வண்டல், இருக்கைகளைப் பொருத்திய ஆணிகளில் துரு, ஏசியைப் போட்டதும் பூஞ்சண வாடை: இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

உற்பத்தியாளரே ஒப்புக்கொண்ட பழுதுகளும் உண்டு. ஜெனரல் மோட்டர்ஸ் 2014இல் செவ்ரொலே கோபோல்ட் உள்ளிட்ட சிறிய கார்களைத் திருப்பி அழைத்தது. ஓடிக்கொண்டிருக்கையில் சாவி நழுவி எஞ்சின் நின்றுவிடும், விபத்தில் எயர்பாக் விரியாது என்பதே குறை. 124 பேரின் மரணத்துக்கு அந்த நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது. இப்படித் திருப்பி அழைக்கப்பட்ட கார் பல கை மாறும்போது, உற்பத்தியாளர் அனுப்பும் கடிதம் பழைய உரிமையாளரோடு நின்றுவிடும். வின் இலக்கத்தைச் சொன்னால் அந்த வகைக் கார் விற்கும் டீலரே தேடிச் சொல்வார். திருப்பி அழைப்புத் திருத்தத்துக்கு அவர்கள் காசு கேட்பதில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

தனியாரிடம் வாங்கினாலும் பதிவின்போது 13 வீத வரி உண்டு. கொடுத்த விலை, அரசு ஏற்கும் மொத்த விற்பனை மதிப்பு ஆகிய இரண்டில் எது கூடவோ அதன்மீதே வரி. 2,500 டொலர் காரின் மதிப்பு 4,000 டொலர் என்றிருந்தால் வரி 325 அல்ல, 520. கராஜ் 1,400 டொலர் திருத்த வேலை சொன்னதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,420. அதே காசுக்கு, சேஃப்டியோடு, வரி உட்பட வேறு கார் கிடைக்குமா என்று தேடிய பிறகே முடிவெடுக்க வேண்டும். காரின் பழுதால்தான் விலை குறைவு என்றால், தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் எழுத்து மதிப்பீட்டைக் காட்டி வரியைக் குறைக்கலாம்.

ரசீதில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் நம்மவரிடையே உண்டு. வரி மதிப்பின்மேல்தான் கணிக்கப்படுவதால் பெரும்பாலும் அதில் மிச்சமில்லை. நாளை நீதிமன்றம் போனால், நீங்கள் கொடுத்ததாக நிரூபிக்கக்கூடியது அந்தக் குறைந்த தொகை மட்டுமே.

வாங்கும் முன் வின் இலக்கத்தைக் கொடுத்துக் காப்புறுதிக் கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள். காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் முதற்தடவையே குறைந்தது 5,000 டொலர் தண்டம். 2024 ஜனவரியிலிருந்து, உங்கள் தவறில்லாத விபத்தில் உங்கள் காருக்குக் கிடைக்கும் இழப்பீட்டை வேண்டாமென்று விட்டுக் கட்டணத்தைக் குறைக்கவும் வழி உண்டு. அப்படி விட்டால், மற்றவர் வந்து மோதினாலும் உங்கள் காருக்கு ஒரு சதமும் வராது. கடனில் எடுப்பவர்கள் வருட வட்டியைக் கேளுங்கள். 2025 ஜனவரியிலிருந்து 35 வீதத்துக்கு மேல் வட்டி அறவிடுவது கனடாவில் குற்றம்.

ஏமாந்துவிட்டால்

டீலரிடம் வாங்கிய காரை மனம் மாறித் திருப்பிக் கொடுக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஒன்ராறியோவில் அப்படி ஓர் அவகாசம் இல்லை, கையொப்பமிட்டால் முடிந்தது. ஆனால் டக்சி, பொலிஸ், நாள்வாடகைப் பாவனை, பெரும் சேதமடைந்த காருக்குப் பதிவில் இடும் 'சல்வேஜ்', 'றீபில்ட்' முத்திரை, உண்மையான தூரம், காரின் வகை அல்லது ஆண்டு ஆகியவற்றை டீலர் சரியாகத் தெரிவிக்காவிட்டால், காரைப் பெற்ற நாளிலிருந்து 90 நாட்களுக்குள் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். பொய் சொல்லி விற்றிருந்தால், 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு வருடத்துக்குள் விலகக் கோரலாம். ஓம்விக்கிடம் முறையிடலாம், அது சமரசம் செய்ய முயலும், காசைத் திருப்பிக் கொடுக்கும்படி டீலருக்கு உத்தரவிட அதற்கு அதிகாரம் இல்லை. தகுதியுள்ள இழப்புக்கு அதன் இழப்பீட்டு நிதியிலிருந்து 45,000 டொலர் வரை கோரலாம். பதிவு பெற்ற டீலரிடம் வாங்கியவருக்கே அந்த நிதி. கேர்ப்சைடரிடம் வாங்கியவருக்கு இல்லை.

தனியார் விற்பனையில் எஞ்சுவது சிறுகோரிக்கை நீதிமன்றம். 2025 ஒக்ரோபர் முதல் அங்கே 50,000 டொலர் வரை வழக்குப் போடலாம். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். கார் பழுதானது என்று காட்டினால் போதாது. விற்பவர் உண்மைக்கு மாறாகச் சொன்னார் என்று காட்ட வேண்டும். "விபத்தே நடக்கேல்ல அண்ணை" என்று வாயால் சொன்னதை நிரூபிக்க முடியாது, குறுஞ்செய்தியில் வந்திருந்தால் முடியும். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் ஒரு சட்டத்தரணியுடன் 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம்.

கார் பார்க்கப் போகிறவர்கள் விளம்பரத்தைப் படமெடுத்து வைத்திருங்கள். விற்பவரிடம் கேட்கும் கேள்விகளைக் குறுஞ்செய்தியில் கேளுங்கள். தகவல் தொகுப்பும் கராஜ் அறிக்கையும் கைக்கு வரும்வரை முற்பணமாக ஒரு டொலரும் கொடுக்காதீர்கள்.