கைபேசியும் ரொக்கமும்

2016-ஆம் வருஷத்தில் யு.பி.ஐ. முறை ஆரம்பமான பின், கீரை விற்கும் மூதாட்டிக்கும் சில்லறைத் தொல்லை குறைந்தது. இது பெருஞ் சௌகரியமென்பதில் ஐயமில்லை. ஆயினும், பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை என்பதை அறியாத ஏழைகள், வஞ்சகர் பேச்சை நம்பி அவ்வெண்ணைப் பதித்துச் சேமிப்பை இழக்கின்றனர். கைபேசியில்லாதோரிடம் ரொக்கம் வாங்க மறுக்கும் இடங்களும் உண்டு. ரூபாய் நோட்டு இந்தியாவெங்கும் செல்லுபடியாகுமென்று 1934-ஆம் வருஷத்து ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு விதிக்கிறது. ஆகையால், சர்க்கார் காரியாலயம் ஒவ்வொன்றிலும் ரொக்கம் பெறும் ஜன்னல் ஒன்று திறந்திருக்க வேண்டுமென வற்புறுத்துகிறோம். சௌகரியத்தின் பெயரால் ஏழையின் உரிமை பறிபோகலாகாது. மோசம்போனோர் தாமதியாது 1930 என்ற எண்ணில் முறையிடலாமென்பதை, ஊர்தோறுமுள்ள தேச ஊழியர்கள் ஜனங்களுக்கு எடுத்துரைப்பார்களாக.