ஓட்டுப் போட்டுத் தொடங்கிய கல்லூரி!

அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பு என்றால் பணம் மூட்டை மூட்டையாக வேண்டும். ஆனால் நியூயார்க் நகரில் ஒரு காசு கூடச் சம்பளம் வாங்காமல் பட்டம் கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா?

1847–ம் ஆண்டு. டவுன்சென்ட் ஹாரிஸ் என்ற வியாபாரி, நகரக் கல்வி வாரியத்தின் தலைவராக இருந்தார். வசதி இல்லாததால் அவர் கல்லூரிப் படி ஏறாதவர். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் கல்லூரியில் படிக்க வேண்டும் என்று வாதாடினார். எதிர்ப்பு கிளம்பியது. ஊர் மக்களிடமே ஓட்டு எடுத்தார்கள். மக்கள் "வேண்டும்" என்றார்கள்!

அப்படிப் பிறந்ததுதான் சிட்டி காலேஜ். முதலில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம். பெண்களுக்காக 1870–ல் தொடங்கிய பள்ளி பின்னர் ஹன்டர் கல்லூரி ஆயிற்று.

ஏழை வீட்டு மேதைகள்

போலியோ தடுப்பு ஊசி மருந்து கண்டுபிடித்த ஜோனாஸ் சால்க் யார் தெரியுமா? துணித் தொழிலில் இருந்தவரின் மகன். 1934–ல் சிட்டி காலேஜில் பட்டம் பெற்றவர்.

ரோசலின் யாலோவின் பெற்றோர் உயர்நிலைப்பள்ளி கூடத் தாண்டவில்லை. மகளோ ஹன்டரில் படித்தார். 1977–ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்!

1961–ல் இந்தக் கல்லூரிகள் ஒன்று சேர்ந்து நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் ஆயின.

கதவு திறந்தது, சம்பளம் வந்தது

சிட்டி காலேஜ் இருப்பது கறுப்பு மக்கள் நிறைந்த ஹார்லெமில். ஆனால் உள்ளே கறுப்பு மாணவர்கள் கொஞ்சமே! 1969–ல் கறுப்பு மாணவர்களும் போர்ட்டோ ரிக்கோ மாணவர்களும் கட்டிடங்களைப் பிடித்துக்கொண்டு போராடினார்கள். 1970 முதல், உயர்நிலைப்பள்ளி தேறிய நகரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இடம் கிடைத்தது.

ஆனால் நகரத்தின் கஜானா காலியானது. 1976–ல் சம்பளம் விதித்தார்கள். எல்லாருக்கும் கதவு திறந்து ஆறே ஆண்டுகள்! இது என்ன கணக்கோ!

இன்று 25 கல்லூரிகள். 2 லட்சத்துக்கும் அதிகமான மாணவ–மாணவிகள். வசதி இல்லாதவர்கள் பலருக்கு அரசாங்க உதவிப் பணத்திலேயே சம்பளம் அடைபட்டு விடுகிறது. பல நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அடுத்தடுத்து உட்கார்ந்து படிக்கிறார்கள்.

விடுதி வாசம் பெரும்பாலோருக்கு இல்லை. வீட்டிலிருந்து சுரங்க ரெயிலில் வருகிறார்கள். பகலில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் புத்தகத்தோடு வகுப்புக்கு ஓடி வருகிறவர்களும் உண்டு.