ஒரு போட்டிக்குப் போனா வாழ்நாள் தடையா?

போன எபிசோடு கேட்டுட்டு ஒருத்தர் கேட்டிருந்தார்: ஃபிகர் ஸ்கேட்டிங் பண்றவங்க பிடிச்ச போட்டியில எல்லாம் இறங்கலாமே, என்ன தடை?

தடை இருந்தது. சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் அனுமதிக்காத போட்டியில கலந்துகிட்டா, ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப் எதிலும் இறங்க முடியாதுன்னு இருந்துச்சு. 2014-ல் இதுக்கு வாழ்நாள் தடை வரைக்கும் போகலாம்னு இருந்துச்சு. ஃபிகர், ஸ்பீடு ரெண்டுக்கும் இதே விதிதான் இருந்துச்சு.

விதி போடுறவங்களே போட்டி நடத்திக் காசும் பாக்குறாங்க. வேற ஸ்டோர்ல ஆப் போட்டா உன் அக்கவுண்ட்டையே மூடுவேன்னு சொல்ற மாதிரி. எனக்கு இது பாதுகாப்பாத் தெரியல, கடையைக் காப்பாத்துறதாத்தான் தெரியுது.

டச்சு ஸ்பீடு ஸ்கேட்டர்கள் மார்க் டூயிட்டர்ட்டும் நீல்ஸ் கெர்ஸ்தோல்ட்டும் ஐரோப்பிய ஆணையத்துல புகார் கொடுத்தாங்க. 2017-ல் ஆணையம் அந்த விதி சட்டவிரோதம்னு சொன்னது. 2023 டிசம்பர்ல ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்போ, 2010 ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின டூயிட்டர்ட்டுக்கு வயசு 43.